உடல் பருமன்: அறுவைக்குக் காப்பீடா, ஊசிக்கு மானியமா, சர்க்கரைக்கு வரியா?

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2015–16இல் நடந்த முந்தைய ஆய்வில் இந்த விகிதங்கள் 30.9, 28.2 என்று இருந்தன. இத்தனை குறுகிய காலத்தில் ஏற்பட்ட இந்த ஏற்றத்துக்கு, ஒரு மாநிலத்து மக்கள் அனைவரின் மனவுறுதியும் ஒரே நேரத்தில் தளர்ந்துவிட்டது என்று காரணம் சொல்ல முடியாது. கடையில் கிடைக்கும் உணவும் அதன் விலையும் நாம் செய்யும் வேலையின் தன்மையும் மாறியிருக்கின்றன. அதே ஆய்வு, நம் பெண்களில் 12.6 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள் என்றும் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது என்றும் காட்டுகிறது. பருமனுக்காக வகுக்கப்படும் எந்தக் கொள்கையும் இவை இரண்டையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும்.

அரசுக்கு முன்னால் இருக்கும் வழிகள் பல. உடல் பருமன் குறைப்பு அறுவை சிகிச்சையை, அதாவது பேரியாட்ரிக் அறுவையை, பொதுப் பணத்திலும் தனியார் காப்பீட்டிலும் சேர்ப்பது ஒன்று. எடையைக் குறைக்கும் செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற புதிய ஊசி மருந்துகளை அரசே வாங்கித் தருவது இன்னொன்று. உணவு, உடற்பயிற்சி ஆலோசனையைப் பெரிய அளவில் கொண்டுசெல்வது, இனிப்புக்கும் பதப்படுத்திய தின்பண்டத்துக்கும் வரி விதிப்பது, பொட்டலத்தின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடச் சொல்வது, நியாய விலைக் கடையின் பொருள்களை மாற்றுவது ஆகியவை மற்றவை. இவற்றை ஒன்றுக்கொன்று போட்டியாக நிறுத்தி, வருமுன் காப்பதே மேல் என்று முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. இன்று பத்து வயதாகும் குழந்தைக்கு அறுவை அரங்கு தேவையில்லை. 110 கிலோ எடையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ள 45 வயதுப் பெண்ணுக்கு நாளை விதிக்கப்போகும் குளிர்பான வரியால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே யாருக்கு எது, எந்தப் பணத்தில், எந்த வரிசையில் என்பதுதான் முடிவு செய்யப்பட வேண்டியது.

முதலில் அறுவையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் அதைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் மிகுதி. பெரும்பாலோர் இதை அழகுக்காகச் செய்துகொள்வதாக நினைக்கிறார்கள். இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை நீக்கும் ஸ்லீவ் முறையாக இருந்தாலும், சிறுகுடலின் பாதையையே மாற்றியமைக்கும் பைபாஸ் முறையாக இருந்தாலும், பசியையும் இன்சுலினையும் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களின் இயக்கம் மாறுவதே அதன் பலனுக்கு முக்கியக் காரணம். இதற்கான மிக நீண்ட சான்று சுவீடனிலிருந்து வருகிறது. 1987இல் தொடங்கிய அந்நாட்டு ஆய்வு, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் வழக்கமான சிகிச்சை பெற்ற 2,037 பேரையும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. அறுவை செய்துகொண்டவர்களின் ஆயுள் மற்றவர்களைவிட 3 ஆண்டுகள் கூடுதலாக இருந்தது என்று 2020இல் வெளியான அதன் முடிவு கூறுகிறது. ஆனால் அவர்களின் ஆயுள் பொது மக்களின் ஆயுளைவிட 5.5 ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. சர்க்கரை நோயைப் பொறுத்தவரை, அறுவைக்குப் பின் 2 ஆண்டுகளில் 72 சதவீதத்தினருக்கு நோய் விலகியிருந்தது. 10 ஆண்டுகளில் அது 36 சதவீதமாகக் குறைந்தது. அறுவை பெரும் பலன் தருகிறது, ஆனால் முழுமையாக மீட்பதில்லை. காலம் போகப் போக அதன் பலனில் ஒரு பகுதி கரைகிறது. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லாத எந்த விளம்பரத்தையும் நம்பக் கூடாது.

ஆபத்து எவ்வளவு என்பதும் கணக்கில் வர வேண்டும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். இது பித்தப்பை, இடுப்பு மூட்டு போன்ற வழக்கமான பெரிய அறுவைகளின் ஆபத்தோடு ஒப்பிடத் தக்கது. ஆனால் அந்த எண்ணிக்கை அனுபவம் மிக்க மையங்களிலிருந்து வந்தது; எப்போதாவது ஓர் அறுவை செய்யும் இடத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தியாவில் காப்பீட்டு நிறுவனங்கள் உடல் பருமன் தொடர்பான சிகிச்சையைப் பொதுவாக விலக்கியே வைத்திருந்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019 செப்டம்பரில் விலக்குகளைச் சீர்படுத்தி வெளியிட்ட வழிகாட்டுதலே இந்த நிலையை மாற்றியது. அதன்படி நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். உடல் நிறை குறியெண், அதாவது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் எண், 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது 35ஓ அதற்கு மேலோ இருந்து, இதயத் தசை நோய், மாரடைப்பு வகை இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றில் ஒன்று இருந்து, எளிய முறைகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். இந்த வரம்புக்குள் வருபவரின் அறுவையை, பருமன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நிறுவனம் மறுக்க முடியாது. இது ஒரு முக்கியமான முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் 40, 35 என்ற எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். அவை 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவின் எண்கள். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண்ணுக்குக் குறியெண் 40 என்றால் 96 கிலோ. 35 என்றால் 84 கிலோ. நம் மக்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து சர்க்கரை நோய் வந்துவிடுகிறது என்பது நீண்ட காலமாக அறிந்த செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004லேயே ஆசிய மக்களுக்காக 23, 27.5, 32.5, 37.5 என்ற தனி எல்லைகளை முன்வைத்தது. அறுவை நிபுணர்களின் உலக அமைப்பும் அமெரிக்க அமைப்பும் 2022இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், பொது எல்லையை 35க்குக் குறைத்ததோடு, ஆசியர்களுக்கு 27.5லிருந்தே அறுவையைப் பற்றிப் பேசலாம் என்றது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு தெற்காசிய வம்சாவளியினருக்கு எல்லையை 2.5 புள்ளி குறைத்துக் கணக்கிடச் சொல்கிறது. இதன் விளைவு விந்தையானது: குறியெண் 33உம் கட்டுப்படாத நீரிழிவும் கொண்ட ஒரு தமிழ்ப் பெண் லண்டனில் இருந்தால் அவருடைய பூர்வீகத்தைக் கணக்கில் எடுத்து அரசு மருத்துவமனை அவரைப் பரிசீலிக்கும், சென்னையில் இருந்தால் அவருடைய தனியார் காப்பீட்டு நிறுவனம் அமெரிக்கர்களுக்கென்று வகுத்த எண்ணைக் காட்டி மறுக்கலாம்.

எல்லையை 27.5 வரை கொண்டுவந்துவிட வேண்டுமா? பொதுப் பணத்தில் வேண்டாம் என்பதே என் கருத்து. 155 சென்டிமீட்டர் உயரத்துக்கு 27.5 என்றால் 66 கிலோதான். அந்த எல்லைக்குள் வருபவர்களின் எண்ணிக்கை எந்த அறுவை அரங்கின் கொள்ளளவையும் தாண்டும். அவர்களில் பலருக்கு வேறு சிகிச்சையே போதும். 32.5க்கு மேல் இருந்து நீரிழிவு மருந்துகளுக்குக் கட்டுப்படாதவர்கள், 37.5க்கு மேல் இருப்பவர்கள் என்ற எல்லை இந்திய உடலமைப்புக்கும் இந்திய நிதி நிலைக்கும் பொருந்தும். நீரிழிவு வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு அறுவையின் பலன் கூடுதல். பல ஆண்டுகள் இன்சுலின் போட்டுக் கணையம் ஓய்ந்துபோன பிறகு செய்தால் நோய் விலகும் வாய்ப்பு குறைவு. ஆகவே, எல்லா முறைகளையும் முயன்று தோற்ற பிறகு வாருங்கள் என்று ஆண்டுக்கணக்கில் காக்க வைக்கும் விதி, பலன் மிகுதியாகக் கிடைக்கும் காலத்தைக் கடத்திவிட்டுப் பலன் குறைந்த காலத்தில் பணத்தைச் செலவிடுகிறது.

அமெரிக்காவின் அனுபவம் இங்கே கற்கத் தக்கது. முதியோருக்கான மெடிகேர் திட்டம் 2006 பிப்ரவரியில் இந்த அறுவையைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது: குறியெண் 35 அல்லது அதற்கு மேல், அதனுடன் தொடர்புடைய ஒரு நோய், முந்தைய மருத்துவ முயற்சி தோல்வி என்பவை நிபந்தனைகள். தொடக்கத்தில் சான்று பெற்ற மையங்களில் மட்டுமே செய்ய வேண்டும் என்றிருந்த விதி 2013இல் நீக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் பல, அறுவைக்கு முன் மூன்று முதல் ஆறு மாதம் வரை மேற்பார்வையின் கீழ் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்ததற்கான ஆவணத்தைக் கேட்டன. இந்தக் காத்திருப்பால் அறுவையின் விளைவு மேம்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்று அறுவை நிபுணர்களின் சங்கம் திரும்பத் திரும்பக் கூறியிருக்கிறது. காகிதத்தில் காப்பீடு இருந்தும், அங்கே தகுதி உள்ளவர்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதத்தினரே அறுவை செய்துகொள்கிறார்கள். காப்பீடு தருவதாலேயே அனைவரும் அறுவை அரங்குக்கு ஓடிவந்து கருவூலம் காலியாகிவிடும் என்ற அச்சம் நடைமுறையில் உண்மையாகவில்லை. மறுபுறம், பாலிசி இருப்பதாலேயே சிகிச்சை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் பொய்த்துவிட்டது.

நம் ஊரில் அந்தத் தடை வேறு வடிவத்தில் வரும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் அதிகபட்சம் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைத்தது நல்ல மாற்றம். எனினும், தனியார் பாலிசி எடுக்கும் வசதி உள்ளவர்களுக்கே இவை பொருந்தும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. தனியார் மருத்துவமனையில் சில லட்சம் ரூபாய் ஆகும் இந்த அறுவையை அந்தக் குடும்பங்கள் கைக்காசில் செய்துகொள்வதைக் கற்பனை செய்யவும் முடியாது. பருமன் வசதி படைத்தவர்களின் நோய் என்ற பழைய எண்ணத்திலேயே அரசு இருந்தால், ரேஷன் அரிசியையும் பாமாயிலையும் நம்பி வாழும் வீட்டில் வரும் பருமனும் சர்க்கரையும் அதன் கண்ணில் படாது.

அறுவைக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு இருக்கும் பெரிய கவலை, அறுவை முடிந்த பிறகான காலத்தைப் பற்றியது. நம் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களுக்குப் பணம் தரும் வகையில் அமைந்தவை. பேரியாட்ரிக் அறுவை செய்துகொண்டவர் வாழ்நாள் முழுவதும் பி12, இரும்புச்சத்து, கால்சியம், டி வைட்டமின் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புரத உணவு தவறக் கூடாது. பைபாஸ் முறையில் இரும்புச்சத்தை உறிஞ்சும் குடற்பகுதியே பாதையிலிருந்து விலக்கப்படுகிறது. பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஏற்கெனவே இரத்தசோகை உள்ள மாநிலத்தில், அறுவைக்கு மூன்று லட்சம் கொடுத்துவிட்டு அதற்குப் பிறகான மாத்திரைக்குப் பணம் இல்லை என்பது, ஒரு நோயை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதாகும். ஆகவே, குறைந்தது ஐந்தாண்டுக் கவனிப்பையும் சேர்த்து ஒரே தொகுப்பாகவே அரசு இந்த அறுவைக்கு விலை நிர்ணயிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் நோயாளி பரிசோதனைக்கு வந்ததை உறுதி செய்த பிறகே மருத்துவமனைக்குத் தொகையின் ஒரு பகுதி சேர வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. அதே பையில் இந்த வைட்டமின்களும் போவதற்குப் புதிய அமைப்பு ஒன்றும் தேவையில்லை.

இனி ஊசி மருந்துகள். எடைக் குறைப்பில் இவற்றின் ஆற்றல் மறுக்க முடியாதது. செமாக்ளூடைடு 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடையையும், டிர்செபடைடு அதன் அதிகபட்ச அளவில் 72 வாரங்களில் 20.9 சதவீத எடையையும் குறைத்தன. மருந்தை நிறுத்தினால் என்னாகும் என்பதும் ஆய்வில் தெரிந்ததே: செமாக்ளூடைடை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. எனவே இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதையும் தொடர்ந்து எடுக்க வேண்டும். தொடர்ந்து பணம் கட்டவும் வேண்டும். மவுன்ஜாரோ என்ற பெயரில் டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது, வாரம் ஒன்று எனப் போடும் 2.5 மில்லிகிராம் ஊசிக் குப்பியின் விலை 3,500 ரூபாய். மாதம் நான்கு ஊசிக்கு 14,000, ஆண்டின் 52 வாரங்களுக்கு 1,82,000. ஒரு லட்சம் பேருக்கு அரசு இதை அந்த விலையில் வாங்கினால் ஆண்டுக்கு 1,820 கோடி ரூபாய், அதுவும் தொடக்க அளவுக்கு மட்டும். இரண்டு மூன்று ஆண்டு ஊசிச் செலவில் ஓர் அறுவையை முடித்துவிடலாம்.

பணக்கார நாடுகளே இங்கே தடுமாறுகின்றன. பிரிட்டனில் டிர்செபடைடுக்குத் தகுதி உள்ளவர்கள் 34 லட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்டது. ஆனால் 2025 ஜூனில் தொடங்கிய தேசிய சுகாதார சேவையின் திட்டம் முதல் மூன்றாண்டுகளில் 2,20,000 பேருக்கு மட்டுமே இடம் தருகிறது. முதல் வரிசையில் நிற்பவர்கள், குறியெண் 40 அல்லது அதற்கு மேல் இருந்து நான்கு இணை நோய்களாவது உள்ளவர்கள். அமெரிக்காவின் வடக்கு கரோலினாவில் மாநில ஊழியர்களுக்கான காப்பீட்டுத் திட்டம், எடைக் குறைப்புக்காக மட்டும் இந்த மருந்துகளைத் தருவதைச் செலவு தாங்காமல் 2024 ஏப்ரலில் நிறுத்தியது. ஊசியை நம்பி எடை குறைத்தவர்கள் நடுவழியில் விடப்பட்டார்கள். தொடங்கி நிறுத்துவதைவிடத் தொடங்காமல் இருப்பது நேர்மையானது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் இந்தியாவுக்கு ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. செமாக்ளூடைடுக்கு இங்கே காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதற்குப் பின் இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் சந்தைக்கு வர வழி திறக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து மொத்தக் கொள்முதலில் விலையைக் குறைத்துப் பெயர் பெற்ற அமைப்பு. மாதச் செலவு இன்சுலினின் செலவுக்கு அருகில் வரும் நிலையில், நீரிழிவும் பருமனும் இதய நோயும் சேர்ந்து உள்ளவர்களுக்கு இதை அரசு மருத்துவமனையில் தருவது நியாயம். அந்த விலை வரும் வரை, அறுவைக்குக் காத்திருக்கும் மிகக் கனத்த உடல் கொண்டவர்களுக்கும், உடல்நிலை காரணமாக மயக்க மருந்து தர முடியாதவர்களுக்கும் வரம்பிட்டுத் தருவது போதும்.

ஆலோசனை வழி மூன்றாவது. இதைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும், ஏனெனில் அரசுகள் செலவு குறைந்தது என்பதாலேயே இதைத் தூக்கிப் பிடிக்கின்றன. அமெரிக்காவில் 5,145 நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிர உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி பெற்றவர்கள் முதல் ஆண்டில் 8.6 சதவீத எடையைக் குறைத்தார்கள்; ஆய்வின் முடிவில் அது 6 சதவீதமாக இருந்தது. இதய நோய் குறையவில்லை என்பதால் 2012இல் அது நிறுத்தப்பட்டது. கடும் பருமனுக்கு இதை மட்டும் நம்புவது நோயாளியை ஏமாற்றுவதாகும். ஆனால் சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டியது. நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்கு உணவு, நடை ஆலோசனை தந்தபோது நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. எடையோ பெரிதாக மாறவே இல்லை. ஆகவே ஆலோசனையின் பலனை எடைக்கருவியில் தேடக் கூடாது. அதை நீரிழிவுத் தடுப்பின் கருவியாகக் கொண்டு அதற்குரிய பணத்தைக் கொடுக்க வேண்டும். 2023 நவம்பரில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் ஒதுக்கப்பட்டதையும் இந்தக் கண்ணோட்டத்திலேயே வரவேற்கிறேன்.

வரியைப் பற்றிய விவாதத்தில் வரியின் அளவைப் பற்றியே பேசுகிறோம். அதன் வடிவம்தான் பலனைத் தீர்மானிக்கிறது. மெக்சிகோ 2014 ஜனவரியிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. வாங்கும் அளவு முதல் ஆண்டில் 5.5 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 9.7 சதவீதமும் குறைந்தது. ஏழைக் குடும்பங்களில் குறைவு அதிகமாக இருந்தது. பிரிட்டனில் 2016இல் அறிவிக்கப்பட்டு 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வரி வேறு வகை: தொடக்கத்தில் 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரியே இல்லை, 5 முதல் 8 கிராம் வரை லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேல் 24 பென்ஸ் என்று இருந்தது. அறிவித்த நாளிலிருந்தே நிறுவனங்கள் வரியைத் தவிர்க்கச் சர்க்கரையைக் குறைக்கத் தொடங்கின. குடிப்பவர் தன் பழக்கத்தை மாற்றாமலேயே உட்கொள்ளும் சர்க்கரை குறைந்தது. 10, 11 வயதுச் சிறுமிகளிடம் பருமன் 8 சதவீதம் குறைந்ததை 2023இல் வெளியான ஆய்வு இந்த வரியோடு தொடர்புபடுத்தியது. சிறுவர்களிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. டென்மார்க் 2011 அக்டோபரில் கொண்டுவந்த கொழுப்பு வரியோ, மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கியதாலும் தொழில்துறையின் எதிர்ப்பாலும் ஓராண்டு சிறிது கடந்ததும் கைவிடப்பட்டது.

இந்த வெளிச்சத்தில் நம் ஜி.எஸ்.டி.யைப் பார்க்கும்போது வருத்தமே மிஞ்சுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் காற்றடைத்த பானங்களுக்கு 40 சதவீத வரி. எண் பெரியது. ஆனால் சர்க்கரை நிறைந்த கோலாவுக்கும் சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் அதே விகிதம்தான். சர்க்கரையைக் குறைக்க நிறுவனத்துக்கு இந்த வரி எந்தத் தூண்டுதலும் தரவில்லை. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், பொட்டலமிட்ட மிக்சர், பூந்தி வகைகளின் வரியும் வாயு சேர்க்காத பழச்சாற்றுப் பானங்களின் வரியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும் குறைந்தன. சர்க்கரை சேர்த்த மாம்பழப் பானம் இப்போது 5 சதவீத வரியில் விற்கிறது. குடும்பத்தின் செலவைக் குறைக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால் மத்திய அரசின் 2024–25 பொருளாதார ஆய்வறிக்கை மிகையாகப் பதப்படுத்திய உணவுக்கு வரியை உயர்த்தச் சொன்ன அதே ஆண்டில் இது நடந்திருக்கிறது. கேரளம் 2016இல் பிராண்டு உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீத கொழுப்பு வரி விதித்தது. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்ததும் மாநிலத்தின் அந்த அதிகாரம் போய்விட்டது. ஆகவே சர்க்கரையின் கிராம் கணக்கில் படிப்படியாக உயரும் வரியை ஜி.எஸ்.டி. மன்றம்தான் கொண்டுவர முடியும். தமிழ்நாடு அங்கே குரல் கொடுக்க முடியும். இதற்கு அரசின் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட வேண்டியதில்லை.

முகப்பு எச்சரிக்கையும் அவ்வாறே செலவில்லாதது. சிலி நாடு 2016 ஜூனில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி மிகுந்த பொருள்களின் மேல் கறுப்பு எண்கோண முத்திரையைக் கட்டாயமாக்கியது. அந்தப் பொருள்களைப் பள்ளிகளில் விற்கவும் சிறுவர்களைக் குறிவைத்து விளம்பரப்படுத்தவும் தடை விதித்தது. முத்திரை பெற்ற இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது 23.7 சதவீதம் குறைந்தது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வரைவோ நட்சத்திரங்களைத் தந்தது. நட்சத்திரம் பாராட்டின் அடையாளம். ஒன்றரை நட்சத்திரம் பெற்ற தின்பண்டம் கெட்டது என்று எந்தக் குழந்தைக்கும் அது சொல்லாது. எண்கோணமே வேண்டும்.

என் வரிசை இப்படி அமைகிறது. கிராம் கணக்கு வரியும் எண்கோண முத்திரையும் உடனே வரட்டும், ஏனெனில் அவற்றுக்குச் செலவில்லை. தாமதத்துக்கு நியாயமும் இல்லை. பொதுப் பணத்தில் சிகிச்சைக்கென்று ஒதுக்கும் அடுத்த ரூபாய் ஊசிக்கோ விளம்பரப் பிரச்சாரத்துக்கோ போகாமல் அறுவைக்குப் போக வேண்டும்: 32.5, 37.5 என்ற எல்லைகளோடு, தேவையற்ற காத்திருப்பு இல்லாமல், ஐந்தாண்டுக் கவனிப்போடு, ஆண்டுக்குப் போதிய எண்ணிக்கையில் அறுவை செய்யும் சில அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், ஒவ்வொரு நோயாளியின் விளைவும் பொதுப் பதிவேட்டில் ஏறும் நிபந்தனையோடு. இதை எதிர்ப்பவர்கள், அந்தப் பணத்தில் எத்தனை ஆயிரம் பேருக்கு ஆலோசனை தரலாம் என்று கேட்பார்கள். இதய நோயாளிக்கு பைபாஸ் செய்யும்போது அந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை. பருமனாக இருப்பவரிடம் மட்டும் கேட்பதற்குக் காரணம், அவருடைய நோய் அவரே வரவழைத்துக்கொண்டது என்ற எண்ணம் நம் மனத்தில் இன்னும் இருப்பதுதான்.

எஞ்சியிருப்பது ரேஷன் கடை, மாநில அரசு டெல்லியைக் கேட்காமல் பெரிய மாற்றம் செய்யக்கூடிய இடம். 2007லிருந்து சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. சர்க்கரை கிலோ 25 ரூபாய். 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் வருகிறது. பசியைப் போக்கிய இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதைச் சுருக்கவும் கூடாது. ஆனால் அரசு மானியம் தரும் பொருள்களில் புரதம் மிகுந்தது பருப்பு ஒன்றே. பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் தர வேண்டும் என்று விவசாயிகள் நீண்ட காலமாகக் கேட்கிறார்கள். அவர்களின் வருமானத்துக்கு அது நல்லது. பருமனைப் பொறுத்தவரை எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். மாற்ற வேண்டியது எண்ணெயின் வகையைவிட மானியத்தின் பங்கீடு: விரும்பும் குடும்ப அட்டைதாரர் சர்க்கரைக்கும் எண்ணெயின் ஒரு பகுதிக்கும் ஈடாகக் கூடுதல் பருப்பு, கொண்டைக்கடலை, பச்சைப் பயறு ஆகியவற்றைப் பெறலாம் என்ற தெரிவு. எடை குறைந்த 12.6 சதவீதப் பெண்களுக்கும் இரத்தசோகை உள்ள 53.4 சதவீதப் பெண்களுக்கும் அது தீங்கு செய்யாது, நன்மையே செய்யும். 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. அரிசிக்குப் பதில் கேழ்வரகு என்று அட்டையில் எழுத முடிந்த துறையால், சர்க்கரைக்குப் பதில் பயறு என்றும் எழுத முடியும்.